குறைந்த வால்யூமில் பாட்டு கேட்க எந்த ஸ்பீக்கர்? (யங்கோன் அடுக்குமாடி வீடு)

தாம்வே_மூணாம்மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாம்வேயில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். இங்கே எங்கும் பார்க்கிற அந்தப் பன்னிரண்டரை அடிக்கு ஐம்பது அடி நீள வீடுதான். பிள்ளைகள் படுத்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதனால் பேச்சுக் குரலைவிடத் தாழ்வாக வைத்துத்தான் கேட்க முடியும்.

பகலில் கொஞ்சம் ஏற்றி வைத்தால் அருமையாக இருக்கிற அதே பாட்டு, ராத்திரி குறைத்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. மிருதங்கத்தில் தொப்பியை (இடது பக்கத்து அடி ஒலி) காணோம், வலந்தலை (வலது பக்கம்) மட்டும் தட்டுகிறது. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் போகிற போக்கே தெரியவில்லை. பாடுகிறவர் குரல் மட்டும் தனியாக நிற்கிறது.

ஸ்பீக்கரில் ஐந்தேகால் அங்குல வூஃபர் (அடி ஒலி தருகிற கோன்), சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 86 டெசிபெல். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பழைய ஜப்பான் சரக்கு, கிளாஸ் ஏபி. கடைக்காரர் சொல்கிறார்: "இந்த மாதிரி சின்ன ஸ்பீக்கர் சத்தமா வச்சாத்தான் பேசும், குறைச்சா தூங்கிடும். பேப்பர் கோன் போட்ட பெரிய ஸ்பீக்கர், 95 டெசிபெல் உள்ளது வாங்குங்க." வாங்கினால் சேர்த்து வைத்த காசு மொத்தமும் போய்விடும். உண்மையிலேயே அப்படி ஒரு வித்தியாசம் உண்டா?

காதும்_கணக்கும் எழுதியது:

தம்பி, காசைப் பத்திரமாக வையுங்கள். தூங்குவது ஸ்பீக்கர் இல்லை, நம்முடைய காது.

இது ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து எழுதினார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியையும் வேறொரு ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, இரண்டும் ஒரே சத்தமாகத் தோன்ற எத்தனை டெசிபெல் வேண்டும் என்று கோடு போட்டார்கள். 1956இல் ராபின்சனும் டாட்சனும் இங்கிலாந்தில் மறுபடி அளந்தார்கள். இன்று உலகம் முழுக்க வைத்துக்கொள்வது ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலை. 2003இல் அதைப் பெரிய அளவில் திருத்தினார்கள்.

அதில் உள்ள எண்களைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 80 டெசிபெல்லில் கேட்கிறீர்கள் என்றால், 50 ஹெர்ட்ஸ் ஒலி அதே சத்தமாகத் தெரிய சுமார் 102 டெசிபெல் வேண்டும். 1000 ஹெர்ட்ஸை 40க்கு இறக்கினால் 50 ஹெர்ட்ஸுக்கு 78 வேண்டும். நீங்கள் குமிழைத் திருகும்போது எல்லாமே ஒரே அளவு குறைகிறது. 40 குறைத்தால் 102 என்பது 62 ஆகிறது. காது கேட்பதோ 78. அங்கே 16 டெசிபெல் துண்டு விழுகிறது. 100 ஹெர்ட்ஸில் இதே கணக்கைப் போட்டால் 12 டெசிபெல் குறையும். தொப்பியும் பேஸ் கிட்டாரும் போன இடம் அதுதான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் சுரமே 41 ஹெர்ட்ஸ்.

காரணம் இதுதான்: 1000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 2 டெசிபெல்லிலேயே காதில் விழ ஆரம்பிக்கும், 50 ஹெர்ட்ஸுக்கு 44 வேண்டும். அடி ஒலிகளுக்குக் கீழே இடம் கம்மி. நாலு படி இறங்கினாலே தரை தட்டிவிடும்.

95 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினாலும் காது அதே காதுதான். குமிழை இன்னும் கீழே வைப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மரவீடு_மோல்மீன் எழுதியது:

கணக்கு சரி அண்ணே, நான் மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவம் வேறு. எங்கள் வீட்டில் பன்னிரண்டு அங்குல வூஃபரோடு ஆளுயரப் பெட்டி இருக்கிறது, அப்பா காலத்துச் சரக்கு. தம்பியிடம் புதிதாகச் சின்ன ஸ்பீக்கர். ராத்திரி முணுமுணுப்பு அளவில் வைத்தாலும் பெரிய பெட்டியில் தவில் தவிலாகவே கேட்கிறது, சின்னதில் கேட்கவில்லை. காது இரண்டுக்கும் ஒன்றுதானே? அப்படியென்றால் ஸ்பீக்கரிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. பெரிய, மெல்லிய பேப்பர் கோன் சின்ன சிக்னலுக்கும் அசையும், கனத்த ரப்பர் விளிம்பு வைத்தது முதலில் மசியாது என்று பலர் சொல்கிறார்கள். அதை அப்படியே ஒதுக்கிவிட முடியுமா?

சால்டர்_புகை எழுதியது:

ஆம்ப் ரிப்பேர்தான் எனக்குத் தொழில், அதனால் மெக்கானிக் கண்ணோடு சொல்கிறேன்.

"முதலில் மசியாது" என்பதற்கு ஸ்பீக்கருக்குள் இடமே இல்லை. ஒன்றோடு ஒன்று உரசுகிற பாகம் அதில் கிடையாது. கோனை அசைக்கிற கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) காந்த இடைவெளியில் காற்றில் தொங்குகிறது. ஓர விளிம்பும் பின்னால் உள்ள மஞ்சள் துணி ஸ்பைடரும் வளைகின்றன, சறுக்குவதில்லை. சிக்னல் நூறில் ஒரு பங்கானால் அசைவும் அதே விகிதத்தில் குறையும், நின்றுபோகாது. அந்தச் சுருள் உரசுகிறது என்றால் அந்த ஸ்பீக்கர் கெட்டுப்போனது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

மோல்மீன் அண்ணன் கேட்பதும் பொய் இல்லை. ஆளுயரப் பெட்டி 35, 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சின்னது 60, 70இலேயே சரிய ஆரம்பித்துவிடும். அடி ஒலி முதலிலிருந்தே அதிகமுள்ள பெட்டி, வால்யூமைக் குறைத்தாலும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். ஆகப் பெரிய பெட்டி சத்தமாக வைத்தாலும் குறைத்து வைத்தாலும் சின்னதைவிட அதே அளவு பேஸ் கூடத்தான் தரும். குறைந்த வால்யூமுக்கென்று தனித் திறமை எதுவும் அதற்கு இல்லை.

இப்போது தாம்வே தம்பிக்கு. உங்கள் ஸ்பீக்கருக்கு ராத்திரி எவ்வளவு பவர் போகிறது தெரியுமா? 86 டெசிபெல் என்பது ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து சராசரி 60 டெசிபெல் கேட்டால், ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன அளவில்தான் பழைய ஆம்பின் குறைகள் வெளியே தெரியும். மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடுகிற சிறு கரண்ட். அது 50 மில்லிஆம்பியர் இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட 0.04 வாட் வரை அந்த ஆம்ப் கிளாஸ் ஏ ஆகவே, அதாவது எந்த டிரான்சிஸ்டரும் அணையாமல், வேலை செய்யும். நீங்கள் கேட்கிற அளவு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பயாஸ் இறங்கிப் போயிருந்தால் குறைந்த சத்தத்தில்தான் குரல் கரகரக்கும்.

இரண்டாவது வால்யூம் குமிழ். கார்பன் தடத்தின் ஆரம்பத்தில் இடது வலது சமமாக இருக்காது, பாட்டு ஒரு பக்கம் சாயும். போனிலோ டிஏசியிலோ (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றுகிற கருவி) வால்யூமைக் குறைத்து, ஆம்ப் குமிழைப் பத்து பதினோரு மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். காசே ஆகாது.

மூன்றாவதைத்தான் நான் அதிகமாகச் சந்தேகிக்கிறேன்: ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்பை ஸ்பீக்கரோடு இணைக்கிற தானியங்கி சுவிட்ச். ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கழித்து 'டிக்' என்று கேட்குமே, அது. நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தில் அதன் வெள்ளி முனைகள் கறுத்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பொட்டு பொட்டாகக் கரி பிடித்த மாதிரி இருக்கும். மெல்லிய சிக்னல் அந்தக் கறுப்பைத் தாண்டாது, ஏற்றினால் தாண்டிவிடும். "சத்தமா வச்சாத்தான் பேசும்" என்று என்னிடம் வருகிற பழைய ஆம்ப்களில் நிறைய இந்தக் கேஸ்தான். அடுத்த தடவை குறைவாக வைத்திருக்கும்போது ஒரு பக்கம் மங்குகிறதா, குமிழை ஒரு கணம் ஏற்றி இறக்கினால் சட்டென்று திரும்பி வருகிறதா, பாருங்கள்.

தாம்வே_மூணாம்மாடி எழுதியது:

சால்டர் அண்ணே, நீங்கள் சொன்னதேதான்! இடது பக்கம் மங்கலாக இருந்தது, ஏற்றி இறக்கினதும் திரும்பி வந்தது. ரிலே இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வயலின்கள் பின்னால் அழகாக விரிந்து கேட்கின்றன. குரலும் சுத்தம்.

தொப்பி மட்டும் இன்னும் வரவில்லை. அது காதின் வேலை என்று புரிகிறது. ஆம்பில் "லவுட்னஸ்" என்று ஒரு பட்டன் இருக்கிறது, இதுவரை நான் தொட்டதில்லை. அதைப் போட்டால் ஒலி கெட்டுவிடும் என்பார்களே?

காதும்_கணக்கும் எழுதியது:

தாராளமாகப் போடுங்கள். குறைந்த சத்தத்தில் பேஸைக் கூட்டிக் கொடுக்கிற அந்தப் பட்டன் செய்யப்பட்டதே உங்கள் மாதிரி ராத்திரியில் கேட்கிறவர்களுக்காக. அதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், பகலில் முழுச் சத்தத்திலும் அதை அமுக்கியே வைத்திருந்தவர்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆம்ப்களில் அந்தத் திருத்தம் குமிழின் நிலையைப் பார்த்துத்தான் கூடிக் குறையும். குமிழ் எட்டு மணியில் இருந்தால் உங்கள் காதில் எத்தனை டெசிபெல் விழுகிறது என்று ஆம்புக்கு எப்படித் தெரியும்? சிடி பிளேயர் ஒரு அளவு தரும், போன் ஒரு அளவு தரும், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். அதனால் சிலருக்குப் பேஸ் பொங்கி வழியும், சிலருக்குப் பற்றாது. சால்டர் சொன்னபடி போனில் குறைத்துவிட்டுக் குமிழை மேலே கொண்டுபோனால் லவுட்னஸின் வேகம் குறையும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் காதுக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

யமஹா இதை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறது. லவுட்னஸுக்குத் தனிக் குமிழ் வைத்தார்கள். முதலில் பெரிய குமிழில் நீங்கள் அதிகபட்சம் கேட்கிற சத்தத்தை வைத்துவிட வேண்டும். பிறகு சத்தத்தைக் குறைப்பது லவுட்னஸ் குமிழில். அது நடு ஒலிகளை அதிகமாகவும் அடி ஒலிகளைக் குறைவாகவும் இறக்கும். பழைய யமஹா கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

டெனான், மராண்ட்ஸ் ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ஆடிசி டைனமிக் ஈக்யூ என்ற தானியங்கி லவுட்னஸ் திருத்தம் உண்டு. மைக் வைத்து அறையை அளந்துவிடுவதால் எத்தனை டெசிபெல் என்று அதற்குத் தெரியும். அது சினிமா அளவை வைத்துக் கணக்குப் போடுகிறது. பாட்டு கேட்கும்போது 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்பதை 10 அல்லது 15இல் வையுங்கள், இல்லாவிட்டால் பேஸ் தூக்கலாக இருக்கும். கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம், அதிலும் லவுட்னஸ் திருத்தம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சின்ன ஸ்பீக்கர்காரர்கள் இதைக் கவனியுங்கள். ஐந்தேகால் அங்குல வூஃபரில் முழுச் சத்தத்தில் 50 ஹெர்ட்ஸை ஏற்றினால் கோன் வெளியே வந்து விழுகிற மாதிரி ஆடும். ராத்திரி வால்யூமில் அது அசைவதே கண்ணுக்குத் தெரியாது. 8, 10 டெசிபெல் கூட்டிக் கொடுத்தாலும் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். சின்ன ஸ்பீக்கரிடம் பேஸ் கேட்டு வாங்க ராத்திரிதான் சரியான நேரம். பல ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் உள்ளுக்குள் செய்வதும் இதுதான்: குறைவாக வைத்தால் பேஸைக் கூட்டும், ஏற்ற ஏற்றக் குறைக்கும்.

வீணை_பசுண்டாங் எழுதியது:

எல்லாரும் பட்டனைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆம்பில் பேஸைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு என்ன ஆகும்? சுவரைத் தாண்டிப் போவதே அடி ஒலிதான். மெல்லிய சுவர் குரலைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், தும் தும் மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். எங்கள் கட்டடத்தில் இதனால் மனக்கசப்பே வந்திருக்கிறது.

நான் செய்வது வேறு. ஸ்பீக்கர் இரண்டையும் அலமாரியிலிருந்து இறக்கி, சின்ன ஸ்டாண்டில் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். பாயில் உட்கார்ந்தால் ட்வீட்டர் (மேல் ஒலி தருகிற சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்கும், என்னிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். வீணையைக் கச்சேரியில் பத்தாவது வரிசையிலிருந்து கேட்பதும், வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் ஒன்றா? மீட்டு விரல் கம்பியைத் தொடுகிற சத்தம், கமகத்தில் கம்பி இழுபடுகிற முனகல், எல்லாம் சின்ன வால்யூமிலேயே கிடைக்கிறது. கணவர் அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

காதும்_கணக்கும் எழுதியது:

அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபெல் கூடும். மூன்று மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 9.5. அறைக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் நல்ல லாபம். காதுக்கு அதே சத்தம் வைத்துக்கொண்டு ஆம்பை அந்த அளவு இறக்கிவிடலாம். சுவருக்குப் போவது அந்த அளவு குறைகிறது, அடி ஒலியும் சேர்ந்தே குறைகிறது. அப்புறம் லவுட்னஸில் கொஞ்சம் பேஸைக் கூட்டினாலும் பக்கத்து வீட்டுக்குப் பழைய கணக்கைவிட மோசமாகாது. மோல்மீன் மாதிரி பலகைத் தரை உள்ளவர்கள் ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பரோ நுரையோ போடுங்கள். பெட்டி நேரே பலகையில் நின்றால் அதிர்வு வீடு முழுக்கப் போகும்.

பக்கத்தில் வைத்துக் கேட்பதற்கென்றே பிறந்த ஸ்பீக்கர்களும் உண்டு. பிபிசி எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வெளி ஒலிபரப்பு வேனுக்குள் வைக்கச் செய்தது. சென்சிட்டிவிட்டி 82, 83 டெசிபெல்தான். கடைக்காரர் கணக்குப்படி அது எழுந்திருக்கவே கூடாது. ஆனால் தாழ்ந்த சத்தத்தில் குரல் கேட்பதற்கு இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள்.

மரவீடு_மோல்மீன் எழுதியது:

ரப்பர் போட்டுப் பார்க்கிறேன் அண்ணே. ஆனால் எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி மழை. வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. ஆடி மாதத்தில் தகரக் கூரை மேல் பெய்யும்போது குறைந்த வால்யூம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆலாபனை ஆரம்பமாவதே தெரியாது, தனி ஆவர்த்தனம் வந்தால்தான் பாட்டு ஓடுகிறது என்று தெரியும். பெரிய பெட்டி இருந்தும் இந்த நிலைமை.

சர்க்யூட்_இன்செயின் எழுதியது:

மோல்மீனில் மழை என்றால் இங்கே ஜெனரேட்டர். கரண்ட் போனதும் தெரு முழுக்க ஓட ஆரம்பித்துவிடும். அதன் உறுமலும் அடி ஒலிதான், அதனால் நாம் கேட்க நினைக்கிற பேஸைத்தான் முதலில் விழுங்கும். போனில் டெசிபெல் ஆப் வைத்து அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். dBA என்று காட்டுகிற எண் அடி ஒலிகளைக் குறைத்துத்தான் கணக்கெடுக்கும். 40 என்று காட்டும், ஆனால் உறுமல் அதைவிட நிறைய இருக்கும்.

அறைக்குள்ளேயே இருக்கிற இரைச்சலைப் பாருங்கள். என் வீட்டில் பெரிய குற்றவாளி இன்வெர்ட்டரின் விசிறி. அடுத்தது பிரிட்ஜ். அமைதியான படுக்கையறை 30 டெசிபெல் என்றால் பிரிட்ஜ் ஓடுகிற அறை 40ஐத் தொடும். பாட்டின் மெல்லிய இடங்கள் அதற்கு அடியில் புதைந்துவிடும். எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் அதை மீட்க முடியாது. கேட்கிற இடத்தைப் பிரிட்ஜிலிருந்து தள்ளிக் கொண்டுபோனாலே ஒரு புது ஆம்ப் வாங்கின மாதிரி.

தாம்வே தம்பியின் அறையைப் பற்றியும் ஒன்று. பன்னிரண்டரை அடி என்பது 3.8 மீட்டர். அந்த அகலத்துக்கு 45 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை (சுவர்களுக்கு இடையே எதிரொலித்து ஒரே இடத்தில் நிற்கிற ஒலி அலை) நிற்கும். இரண்டு நீளச் சுவர் ஓரத்திலும் அது பலமாக இருக்கும், நட்டநடுவில் சூனியம். இந்த மாதிரி வீடுகளில் எல்லாரும் நாற்காலியை நடுவில்தானே போடுகிறோம்? பேஸ் கிட்டாரின் அடிச் சுரம் விழுங்கப்படுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஸ்பீக்கரை ஒரு நீளச் சுவர்ப் பக்கம் வைத்து, எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பாருங்கள். ஆம்பைத் தொடாமலே அடி ஒலி திரும்ப வரும். அக்கா சொன்ன நெருக்கம் இதில் கொஞ்சம் போய்விடும், அதனால் இரண்டையும் செய்து பார்த்து எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்வே_மூணாம்மாடி எழுதியது:

அக்கா முறையும் செய்தேன், இன்செயின் அண்ணன் முறையும் செய்தேன். சுவரில் சாய்ந்தால் பேஸ் கிட்டார் வருகிறது, உண்மை. ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான். லவுட்னஸ் பட்டனைப் போட்டு, போனில் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினேன். தொப்பி வந்துவிட்டது! பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

இன்னொரு சந்தேகம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைகிறது. பகலில் தெரியாது, ராத்திரி அதுதான் முன்னால் கேட்கிறது.

சால்டர்_புகை எழுதியது:

மலிவு இன்வெர்ட்டர்கள் சுத்தமான சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு மாதிரி ஒரு அலை வரும். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் அதில் முனகத்தான் செய்யும். ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்து வருகிறதா என்று முதலில் காதை வைத்துப் பாருங்கள்.

குறைந்த வால்யூமில் கேட்கிறவருக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. TPA3116 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டு வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் நேரே மாட்டுங்கள். அந்தச் சிப் 4.5 முதல் 26 வோல்ட் வரை ஓடும். 12 வோல்ட்டில் எட்டுப் பத்து வாட் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதோ ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. விசிறியும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. பேட்டரியிலிருந்து வருகிற கம்பியில் ஃபியூஸ் போட மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில போர்டுகளில் கெயினை (சிக்னலை எத்தனை டெசிபெல் பெருக்குவது என்ற அளவு) தேவைக்கு மேல் வைத்து அனுப்புகிறார்கள். ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். இங்கேதான் 95 டெசிபெல் ஸ்பீக்கர் உங்களுக்கு எதிராகத் திரும்பும், அந்த இரைச்சலையும் 9 டெசிபெல் கூட்டிக் காட்டும். சிப்பில் 20, 26, 32, 36 என்று நான்கு கெயின் நிலைகள் உண்டு. இரண்டு ரெசிஸ்டரை மாற்றினால் 20க்கு இறக்கலாம். கொண்டுவந்தால் நானே மாற்றித் தருகிறேன்.

வீணை_பசுண்டாங் எழுதியது:

எனக்கும் அந்தப் போர்டு ஒன்று வேண்டும் தம்பி, அப்பா அறைக்கு. அவருக்கு வயதாகிவிட்டது, மேல் ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. குறைத்து வைத்தால் ச, த, க எல்லாம் ஒன்றாகக் குழம்பி, பாட்டின் வார்த்தை பிடிபடவில்லை என்கிறார். சத்தமாக வைத்தால் வீடே அதிர்கிறது.

காதும்_கணக்கும் எழுதியது:

அக்கா, அவருக்கு லவுட்னஸ் பட்டன் வேண்டாம், அடி ஒலி கூடினால் வார்த்தை இன்னும் மங்கும். பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஈக்வலைசரில் மூன்று நான்கு டெசிபெல் ஏற்றுங்கள். எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த இடம். ஒரு ஸ்பீக்கர் போதும், அவர் தலையணைப் பக்கம், முகத்தைப் பார்த்த மாதிரி வையுங்கள். ஸ்டீரியோ பாட்டில் ஒரு பக்கம் விடுபடாமல் இருக்க போன் செட்டிங்கில் மோனோ ஆடியோவை ஆன் செய்துவிடுங்கள். அதோடு காதையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சில சமயம் வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கும்.